மான் கொம்பனியின் மீடியம் சைஸ்

லிங்கநகர்,
திருகோணமலை.
தவக்காலத்து இரண்டாம் ஞாயிறு, பூசைக்குப் பின்.

அன்பு மகன் ஜெயந்தன் அறிய வேண்டியது,

அப்பா எழுதுகிறேன். ஆண்டவருடைய கிருபையால் இங்கே நானும் அம்மாவும் சுகம். அங்கே ஒஹாயோக் குளிரில் நீயும் மருமகளும் பேத்தியும் அவ்வண்ணமே இருக்க வேண்டுமென்று இரண்டு நேரமும் செபிக்கிறோம். ‘சுகம்’ என்ற சொல்லை நான் எழுதி முடித்ததும் அம்மா குசினி அடுப்படியிலிருந்து வந்து என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, “அந்தச் சொல்லை வெட்டுங்கோ. பொய்யை எழுதிப்போட்டுப் பூசைக்கு எப்பிடிப் போறது?” என்று கேட்டாள். பூசைக்குப் போய் வந்தாயிற்று என்றபடியால் நான் வெட்டவில்லை.

கையில் போன் இருக்க, அதில் முகம் பார்த்துக் கதைக்க வசதி இருக்க, அப்பா ஏன் கடதாசி வாங்கி எழுதுகிறார் என்று நீ யோசிப்பாய். காரணம் இருக்கிறது. போனில் நான் வாயைத் திறக்க முன்னர் அம்மா அதைப் பறித்துவிடுகிறாள். போன மாதம் நீ கதைத்தபோது, “அப்பா, ஏன் இப்பிடி மெலிஞ்சு போனீங்கள்?” என்று ஒரு வார்த்தை கேட்டாய் அல்லவா? நீ கேட்டுவிட்டுப் படுத்துத் தூங்கிவிட்டாய். அன்றிலிருந்து இந்த வீடு நீதிமன்றமாகிவிட்டது. அந்தப் போன் ஒடுங்கலான சாமான், அதற்குள் எந்த முகம் போனாலும் ஒடுங்கித்தான் தெரியும் என்று எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். அம்மா கேட்பதாயில்லை. அதைவிட, இது குடும்பக் கடிதம் மட்டுமல்ல. உன்னுடைய கொம்பனியின் தலைமைக் காரியாலயத்தில் உரியவர் ஒருவரிடம் வாசித்துக் காட்டப்பட வேண்டிய கடிதம். இங்கிலீசில் மாற்றும்போது மரியாதைச் சொற்களை விட்டுவிடாதே. நாங்கள் சண்டைக்குப் போகவில்லை, விளக்கம்தான் கேட்கிறோம்.

விஷயம் இதுதான். ஹட்டர் அன்ட் போல் கொம்பனி வருடத்துக்கு வருடம் வளர்வது எனக்கு உண்மையாகவே சந்தோசம். ஆனால் கொம்பனியோடு சேர்ந்து அதன் சேர்ட்டும் வளர்கிறது. லேபலில் மீடியம் என்று அடித்துவிட்டு உள்ளே லார்ஜ், அதற்கும் மேலே என்று தைத்து அனுப்புகிறார்கள். மார்கழியில் நத்தாருக்கு நீ அனுப்பிய, நீலக் கோடு போட்ட சேர்ட்டை நான் போட்டால், உள்ளே இன்னொரு ஆள் வசதியாக வந்து நிற்கலாம். அம்மா சொல்வது வேறு கதை. சேர்ட் அப்படியே இருக்கிறதாம், நான்தான் உள்ளுக்குள் குறைகிறேனாம், ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டுமாம். இந்த வழக்கு இப்போது பங்குச் சுவாமியார் வரை போய், அவர் முன்னிலையில் ஓர் உடன்பாடு எட்டப்பட்டிருக்கிறது. மீடியம் சைஸ் முன்பைவிடப் பெரிதாகிவிட்டது என்று கொம்பனி ஒரு வரி எழுதித் தந்தால், உயிர்த்த ஞாயிறு வரைக்கும் அம்மா ஆஸ்பத்திரி என்ற பேச்சை எடுக்கக் கூடாது. அளவு மாறவில்லை என்று எழுதினால், நான் மறுபேச்சில்லாமல் போக வேண்டும். ஆகவே என் நிம்மதி உன் கொம்பனியின் கையில் இருக்கிறது.

கொம்பனிக்கு எதிராக எழுதுகிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இந்தத் துறைமுகப் பக்கத்தில் அந்தக் கொம்பனிக்கு என்னைப் போல் பேசிய ஆள் கிடையாது. நீ படிக்கப் போன இடத்தில், அதன் பின்கட்டில் நின்று சேர்ட் மடிக்கிற வேலை எடுத்தாயென்று கேள்விப்பட்ட நாளே நான் அதைப் பற்றி விசாரிக்கத் தொடங்கிவிட்டேன். தூண்டிலுக்குப் புழு விற்கிற ஒரு சின்னக் கடையில், புழுப் பெட்டிக்குப் பக்கத்தில் நாலு சேர்ட்டைத் தொங்கவிட்டு ஹட்டர் என்பவரும் போல் என்பவரும் ஆரம்பித்தார்கள் என்று நீ சொன்ன கதையை நான் தேத்தண்ணிக் கடையில் சொல்லாத நாள் இல்லை. மீன் பிடிக்கப் போகிறவன் சேர்ட் போட்டுக்கொண்டு போவானா என்று அங்கே ஒரு கேள்வி வந்தது. அமெரிக்காவில் போவான் என்று அடித்துச் சொன்னேன். பிறகு பக்கத்து மாநிலத்தில் கடை, கடலோரத்தில் கடை, விமான நிலையத்துக்குள் கடை, யப்பானில் கடை என்று நீ சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றையும் நானே திறந்து வைத்தது போல ஊருக்கு அறிவித்தேன். எங்கள் ஆட்களுக்கு ஹட்டர், போல் என்ற பெயர்கள் வாயில் நுழையாது. நெஞ்சில் தைத்திருக்கும் அந்தக் கொம்புள்ள மிருகத்தைப் பார்த்துவிட்டு ‘மான் கொம்பனி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அது நம்முடைய புள்ளிமான் இல்லை, பனியில் திரிகிற வேறு சாதி என்று நான் திருத்தினேன். பஸ் நிலையத்தில் நின்று வாழைப்பழத் தோல் தின்கிற மானைத் தினமும் பார்க்கிறவர்களிடம் அது எடுபடவில்லை. இப்போது கடைத்தெருவில் கள்ள மான் போட்ட சேர்ட்டுகளும் குவிந்து கிடக்கின்றன. சிலவற்றில் கொம்பு இல்லை, ஒன்றில் மானுக்கு ஐந்து கால். ஒரு கொம்பனிக்கு இதைவிட வேறு என்ன வளர்ச்சி வேண்டும்?

இவை ‘கஷுவல்’ உடுப்பு, ஒரு வேலையும் இல்லாமல் சும்மா இருக்கும்போது போடுகிறது என்று நீ ஒருமுறை விளங்கப்படுத்தினாய். அதை இங்கே யாருக்கும் சொல்லவில்லை. ஏனென்றால் நான் உன் சேர்ட்டைக் கலியாணத்துக்கும் செத்த வீட்டுக்கும் பூசைக்கும் மட்டுமே போடுகிறேன். சும்மா இருக்கும்போது வழமைபோலச் சாரம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

நத்தார்ப் பெட்டி வந்த அன்று நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். வெளிநாட்டுப் பெட்டி திறக்கிற வீட்டில் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும். மச்சான்மார், மருமக்கள், பக்கத்து வீட்டார் எல்லாரும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, “இது எனக்கு அளவாய் இருக்கும் போல” என்று சொல்லிச் சொல்லியே கொண்டு போய்விடுவார்கள். கடைசியில் வீட்டுக்காரனுக்கு மிஞ்சுவது பெட்டி. இத்தனை வருடமும் நீ அனுப்பியவற்றில் முதன்முதல் வந்த அந்தப் பச்சைச் சேர்ட் மட்டும்தான் என்னிடம் தங்கியது. இந்த முறை எப்படியும் விடுவதில்லை என்று நீலக் கோட்டுச் சேர்ட்டை நான் முதலே எடுத்து மாட்டிக்கொண்டேன். மாட்டியதும் அதுவரை பேசிக்கொண்டிருந்த எல்லாரும் பேசாமல் விட்டார்கள். ஒருவருமே, “அது எனக்குத் தாங்கோ” என்று கேட்கவில்லை. அதையாவது கவனித்திருக்க வேண்டும் என்று அம்மா சொல்கிறாள். சேர்ட்டின் அழகில் வாயடைத்துப் போனார்கள் என்றுதான் நான் நினைத்தேன்.

முதல் விபத்து கோயிலில் நடந்தது. தை மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காணிக்கைத் தட்டு நாங்கள் இருந்த வாங்குக்கு வந்தது. இந்தச் சேர்ட்டின் கை என் விரல் நுனி வரை இறங்கி நின்றபடியால், அதை மேலே இழுத்துக்கொண்டுதான் காணிக்கை போட வேண்டியிருந்தது. போட்டேன், தட்டும் போய்விட்டது. பூசை முடிகிற நேரம் சுவாமியார் அறிவித்தல்கள் வாசித்தார். பீடப் பூக்கள், மறைக்கல்வி வகுப்பு எல்லாம் முடிந்த பிறகு ஒரு கணம் நிறுத்தி, “யாரோ ஒரு அன்பர் தன்ர கலியாண மோதிரத்தையே காணிக்கையாய்த் தந்திருக்கிறார். அவற்ற வீட்டில சமாதானம் உண்டாகும்படி எல்லாரும் செபிப்போம்” என்றார். நானும் தலையைக் குனிந்து உருக்கமாகச் செபித்தேன். பாவம், யாருக்கு என்ன பிரச்சினையோ என்று நினைத்தேன். அம்மா என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். முப்பது வருடத்துக்கு மேலாகச் சவர்க்காரம் போட்டு இழுத்தாலும் கழலாத மோதிரம் அது! சேர்ட்டின் கை உரசி இழுத்துவிட்டது என்று சொன்னேன். சுவாமியார் மோதிரத்தைத் திருப்பித் தரும்போது என் முகத்தைப் பார்க்காமல் விரலைத்தான் பார்த்தார். அம்மா அந்த மோதிரத்தைத் தன் சங்கிலியில் கோத்துப் போட்டிருக்கிறாள். கொஞ்ச நாளைக்குத்தான் என்று சொல்லியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு கிண்ணியாப் பாலம். என் பழைய கூட்டாளி சரீப் மாமாவைப் பார்த்துவர மோட்டார் சைக்கிளில் போனேன். பாலத்தின் நடுவே கடற்காற்று என்ன வேகம் என்று உனக்குத் தெரியும். முந்தி பாலம் இல்லாமல், பாதை என்கிற மிதவையில் ஏறிக் கடந்த காலத்தில் அந்தக் காற்றுத்தான் எங்களுக்கு விசிறி. அந்தக் காற்று சேர்ட்டின் கீழால் நுழைந்தது. சரியான அளவுள்ள சேர்ட் என்றால் காற்றுக்கு உள்ளே என்ன வேலை? உப்பி, எழும்பி, என் முகத்தை மூடிவிட்டது. நான் ஒரு கையால் சேர்ட்டையும் மறு கையால் மோட்டார் சைக்கிளையும் பிடித்துக்கொண்டு, பின்னால் வந்த லொறிக்காரன் கோர்ன் அடிக்க அடிக்க, பாலத்தின் ஓரமாக ஊர்ந்து போய் நின்றேன். இரண்டு பெடியன்கள் இறங்கி வந்து உதவி செய்தார்கள். நல்ல பிள்ளைகள் என்று வாழ்த்திவிட்டு வந்தேன். அவர்கள் அதற்கு முன்னரே படம் எடுத்துவிட்டார்கள் என்பது பின்னேரம்தான் தெரிந்தது. ‘கிண்ணியாப் பாலத்தில் பறக்கும் அப்பு’ என்ற தலைப்பில் அது புல்மோட்டை வரை போயிருக்கிறதாம். அதில் என் முகம் தெரியவில்லை என்றாலும் மான் நன்றாகத் தெரிகிறது. மான் தெரிந்தால் ஊருக்கு ஆள் தெரியும். உன் கொம்பனிக்கு இலவச விளம்பரம் என்று எடுத்துக்கொள்ளட்டும்.

அன்றே முடிவெடுத்து, சேர்ட்டைக் குறைத்துத் தரும்படி தையற்காரர் அபூதாஹிரிடம் கொண்டு போனேன். அவர் என்னை நிற்கவைத்து, குண்டூசியைப் பல்லில் கடித்துக்கொண்டு, பக்கத்தில் பிடித்தார், முதுகில் பிடித்தார், தோளில் பிடித்தார். பிடிக்கப் பிடிக்கத் துணி வந்துகொண்டே இருந்தது. கடைசியில் குண்டூசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டு, “இதுக்கு மேல குறைச்சா ரெண்டு பொக்கட்டும் ஒண்டோட ஒண்டு மோதும், ஐயா” என்றார்.

“பாத்தியளா? அமெரிக்காக்காரன் எவ்வளவு துணியை வீணாக்கியிருக்கிறான்!” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “சேட்ட விடுங்க. நீங்க சாப்பிடுறீங்களா? நித்திரை வருதா? தண்ணி விடாய்க்குதா?” என்று கேட்டார். தையற்காரர் கேட்கிற கேள்வியா இது? நான் அவரிடம் அளவு எடுக்கக் கொடுத்தேனா, நாடி பார்க்கக் கொடுத்தேனா? சேர்ட்டைப் பறித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

தண்ணீர் பற்றிக் கேட்டதால் அதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மா எழுதுவாள். ஓம், தண்ணீர் கொஞ்சம் கூடத்தான் குடிக்கிறேன். வெயில் அப்படி. கருவாடும் உப்பு. குடித்த தண்ணீர் வெளியே போகத்தானே வேண்டும், அதற்காக ராவில் சில தடவை எழும்புகிறேன். நான் எழும்ப அம்மாவும் எழும்பி விளக்கைப் போட்டுக் கட்டிலில் குந்தியிருந்து பார்க்கிறாள். எனக்கு விடாயைவிட அந்தப் பார்வைதான் தொல்லை. கழிவறையில் எறும்பு பிடிக்கிறது என்று இன்னொரு குற்றச்சாட்டு. எறும்புக்கு நானா பொறுப்பு? மருந்துத் தூள் வாங்கிப் போட்டிருக்கிறேன். பெல்ற்றில் ஆணியால் புது ஓட்டை போட்டது உண்மை. தோல் சாமான் ஈரத்துக்கு இழுபடும். கதிரையில் இருந்தால் எலும்பு குத்துவது உண்மை, பஞ்சு தேய்ந்துவிட்டது. கைக்கடிகாரம் முழங்கை வரை ஓடுவதும் உண்மை. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறாள் அம்மா. ஏன் சேர்க்க வேண்டும்? ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விளக்கம் இருக்கும்போது அவற்றை ஏன் ஒரே கயிற்றில் கட்டுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

உன் பெரியப்பாவும் இப்படித்தான். சும்மா ஒருக்கால் ரத்தத்தைப் பார்ப்போம் என்று சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். தலை இழுத்து, பவுடர் போட்டு, தன் காலால் நடந்து போய் ஓட்டோவில் ஏறினார். ஏற முன்னர் இந்த வீட்டு வாசலில் நின்று எனக்குக் கை காட்டினார். பிறகு அவர் அந்த வாசலுக்குள் எப்படிக் கொண்டுவரப்பட்டார் என்று உனக்கு ஞாபகம் இருக்கும், நீ அப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். போகாமல் விட்டிருந்தால் இருந்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. போனார், வரவில்லை என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். இதை ஏன் இங்கே எழுதினேனோ தெரியவில்லை. நான் எழுத வந்தது சேர்ட்டைப் பற்றி.

இனி என்னுடைய ஆதாரங்கள். முதலாவது, நீயே தந்தது. அமெரிக்காவில் ஆட்கள் பருக்கப் பருக்க, அவர்களுடைய மனம் நோகாமல் இருக்க, சில கொம்பனிகள் பழைய எழுத்தையே வைத்துக்கொண்டு துணியை மட்டும் கூட்டுகின்றன என்று நீ ஒருநாள் சிரித்துச் சிரித்துச் சொன்னாய். ‘எங்கள் கொம்பனி செய்வதில்லை’ என்று அதன் பிறகு சொன்னாயா இல்லையா என்பதில் எனக்கும் அம்மாவுக்கும் கருத்து வேறுபாடு உண்டு. இரண்டாவது ஆதாரம், நானே தேடிப் பிடித்தது. உப்புவெளிக் கடற்கரையில் மான் சேர்ட் போட்ட ஒரு வெள்ளைக்காரர் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். மரியாதையாக வணக்கம் சொல்லி, என் மகன் இந்தக் கொம்பனியில்தான் பெரிய இடத்தில் இருக்கிறார், உங்களுடைய சைஸ் என்ன என்று கேட்டேன். அவர் பயந்து போனாலும் பதில் சொன்னார். மீடியம்! மகன், அந்த மனிதர் கதவை விட அகலம். அவர் மீடியம் என்றால் அந்தச் சேர்ட்டை எந்த அளவில் வெட்டியிருப்பார்கள்? இதற்கு மேல் ஒரு நீதிபதிக்கு என்ன சாட்சி வேண்டும்?

அம்மா கேட்கிறாள், பழைய பச்சைச் சேர்ட்டையும் புதியதையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் முடிகிற விஷயம்தானே என்று. நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பச்சைச் சேர்ட் இப்போது இல்லை. மாரி தொடங்குகிற நேரம் வேலியில் காயப்போட்டிருந்ததை மான் தின்றுவிட்டது. உண்மையான மான். நான் ஓடிப்போய்ப் பார்க்கும்போது ஒரு கை முழுவதும் அதன் வாய்க்குள் போய், நெஞ்சில் தைத்திருந்த கொம்பன் மான் மட்டும் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு மானும் என்னையே பார்த்தன. துரத்தவும் மனம் வரவில்லை, இந்த ஊரில் மானுக்கு உள்ள மதிப்பு மனிதனுக்கு இல்லை. வீட்டுக்குப் பின்னால் கிடைத்தது ஒரு கொலரும் மூன்று பொத்தானும்.

ஆனாலும் ஆண்டவர் ஒரு வழி வைத்திருக்கிறார். முதல் தடவை அனுப்பும்போது நீ மறக்காமல் சரீப் மாமாவுக்கும் அதே பச்சையில் அதே மீடியத்தில் ஒன்று அனுப்பினாய். அவரிடம் அது இன்னும் இருக்கிறது. நானும் அவரும் துறைமுகத்து இழுவைப்படகில் ஒன்றாகக் கயிறு பிடித்தவர்கள். ஸ்டோரில் உடுப்புக் கொடுக்கிறவர் எங்களில் ஒருவனை மட்டும் அளப்பார், “மற்றவனுக்கும் இதே அளவு காணும்” என்பார். அப்படி ஒரே அச்சு. ஆளுக்கு ஒரு காற்சட்டை, அவசரத்துக்கு யாருடையது யாரிடம் என்று எங்களுக்கே தெரியாது. ஆகவே இன்று பின்னேரம் அந்தப் பச்சைச் சேர்ட்டோடு வரச்சொல்லி அவருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவர் என் பக்கத்துச் சாட்சி. பழையது சின்னன், புதியது பெரிது என்று அம்மாவின் கண்ணுக்கு முன்னால் நிரூபித்துவிட்டால், நீ கொம்பனியிடம் எழுதி வாங்குவது ஓர் உறுதிப்பாட்டுக்கு மட்டும்தான். கடிதத்தை இத்துடன் முடித்து, தபால் உறையில் போட்டு, அவர் வந்து போன பிறகு ஒட்டுவதாக இருக்கிறேன்.

கொம்பனிப் பெரியவர்களுக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லு. வளரட்டும், இன்னும் நூறு கடை திறக்கட்டும், ஆனால் மீடியம் மீடியமாகவே இருக்கட்டும் என்று தாழ்மையோடு கேட்கிறேன். மருமகளுக்கு எங்கள் அன்பு. பேத்தியின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போட்டுவிடு. மாதா உங்கள் வீட்டு வாசலில் காவல் நிற்பாளாக.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றதில் பெருமை கொள்ளும்,
அப்பா தம்பிராசா

பின்குறிப்பு: உறை இன்னும் ஒட்டவில்லை. சரீப் மாமா நாலு மணி போல வந்தார். வீட்டிலிருந்து ஜெமீலா மாமி தந்துவிட்ட இனிப்பு வட்டிலப்பம் ஒரு பாத்திரத்தில். உடம்பில் அந்தப் பச்சைச் சேர்ட்.

அம்மா கட்டிலில் புது வெள்ளைத் துணி விரித்து வைத்திருந்தாள். சரீப் மாமா சேர்ட்டைக் கழற்றித் தந்தார். அம்மா என் நீலத்தைக் கீழே விரித்து, அவருடைய பச்சையை அதன் மேலே வைத்து, சுருக்கமெல்லாம் கையால் நீவிவிட்டாள். தோளோடு தோள் நின்றது. கீழ் விளிம்போடு கீழ் விளிம்பு. மானுக்கு மேலே மான்.

நான் உடனே சொன்னேன், பழையது தோய்த்துத் தோய்த்து இழுபட்டிருக்கும் என்று. அம்மா பச்சையின் கீழ் விளிம்பை இன்னொருக்கால் நீவிவிட்டாள். சரீப் மாமாதான், “கொண்டா மச்சான், நான் ஒருக்காப் போட்டுப் பாக்கன்” என்று என் நீலச் சேர்ட்டை எடுத்து மாட்டிப் பொத்தான்களைப் பூட்டினார். பிறகு கண்ணாடியைப் பார்க்காமல் என்னைப் பார்த்து நின்றார். அளவாக இருந்தது, மகன். தோள் தோளில் இருந்தது, கை மணிக்கட்டில் முடிந்தது. ஸ்டோரில் உடுப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு நான் எப்படி நிற்பேனோ அப்படியே நின்றார்.

அம்மா குசினிக்குப் போய்விட்டாள். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கனநேரம் கேட்டது. கழுவுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

சரீப் மாமா சேர்ட்டைக் கழற்றினார். “உமக்குத்தான் அளவாய் இருக்கு. நீரே கொண்டு போம்” என்றேன்.

“எனக்கு என்ட இரிக்கி. இது உன்ட சைஸ், மச்சான். வெச்சிரு” என்று மடித்து என் மடியில் வைத்தார். பிறகு சொன்னார்: “எனக்குச் சீனி வருத்தம் கன வருசமா இரிக்கி. குளிசை போடுறன், நடக்கிறன். நானும் உன்னப் போல ஒடுங்கித்தான் போனன். இப்ப பாத்தாய்தானே, சேட்டு நிரம்பித்தான் இரிக்கி.”

இவ்வளவு காலமும் தேத்தண்ணிக்கு அவர் சீனி வேண்டாம் என்றதை நான் நோன்பு என்றும் கஞ்சத்தனம் என்றும் பகிடி பண்ணியிருக்கிறேன். வட்டிலப்பத்தை அவர் தொடவில்லை. நானும் தொடவில்லை. பாத்திரம் அப்படியே இருக்கிறது.

எனக்கும் அதே நீரிழிவு வருத்தம்தானா, வேறு ஏதுமா என்று ரத்தம் பார்த்தால்தான் தெரியும். நாளைக் காலை போகிறோம், நானும் அம்மாவும் சரீப் மாமாவும். எனக்குப் பயமாக இருக்கிறது, மகன். உன் பெரியப்பா கை காட்டின அதே வாசலால்தான் நானும் போக வேண்டும். நான் கை காட்ட மாட்டேன். ஓட்டோவில் ஏறி நேரே பார்த்துக்கொண்டு போய்விடுவேன்.

மேலே எழுதியதைக் கிழிக்கப் போனேன். “கிழியாதேங்கோ, இவ்வளவு நாளும் நான் என்ன பாடு பட்டனான் எண்டு அவனும் அறியட்டும்” என்று அம்மா பறித்துவிட்டாள். ஆனால் அதைக் கொம்பனியில் ஒருவருக்கும் காட்டாதே. அவர்கள் நேர்மையாகத்தான் தைக்கிறார்கள். உப்புவெளி வெள்ளைக்காரருக்கும் அந்தச் சேர்ட் இறுகித்தான் இருந்தது, பொத்தான்கள் தெறிக்கப் பார்த்தன. அதை நான் எழுதாமல் விட்டேன்.

முதல் பக்கத்தில் ‘சுகம்’ என்ற சொல்லை இப்போது வெட்டியிருக்கிறேன். ‘நானும்’ என்பதை மட்டும் வெட்டுகிறேன், ‘அம்மா சுகம்’ என்று இருக்கட்டும் என்று முதலில் அம்மாவிடம் சொன்னேன். “ரெண்டு பேருக்கும் சேத்து வெட்டுங்கோ” என்றாள்.

வருகிற நத்தாருக்கு நீ சேர்ட் அனுப்புவதென்றால் மீடியமே அனுப்பு. அம்மா போனைப் பறித்து ஸ்மோல் என்று சொன்னாலும் கேளாதே.